நீர்யானைக்கு வீட்டுக்காரம்மா கிடையாது

எங்கள் வீட்டு டிவியில் ஒரு நீர்யானைக் குடும்பம் குடியிருக்கிறது. பொம்மைப் படம்தான். அப்பா நீர்யானை, அம்மா நீர்யானை, ஒரு பெண்குட்டி, இன்னும் பேச்சு வராத ஒரு கைக்குழந்தை. அப்பா நீர்யானை கழுத்தில் டை கட்டியிருக்கும், சட்டை போட்டிருக்காது. அது வேலைக்குப் போய் நான் பார்த்ததே கிடையாது. ஆனாலும் மாடி வைத்த வீடு, தோட்டம், கார் எல்லாம் இருக்கிறது. எந்தக் கம்பெனி என்று தெரிந்தால் நானும் போய்ச் சேர்ந்துவிடுவேன். சட்டையைக் கழற்றுவதில் எனக்கு ஒன்றும் கூச்சமில்லை.

என் வேலை சாமான் தூக்குவது. ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின், இரும்பு பீரோ. கடையிலிருந்து லாரியில் கொண்டுபோய் வாங்கினவர் வீட்டு மாடியில் ஏற்றி, அவர் சொன்ன மூலையில் வைத்து, "இங்க வேணாம், அந்த மூலையில வைங்க" என்று சொன்ன பிறகு அந்த மூலையில் வைக்க வேண்டும். லிஃப்ட் இருக்கிற கட்டடத்துக்காரர்கள் மிக்ஸி வாங்குவார்கள். லிஃப்ட் இல்லாத மேல்மாடியில் இருக்கிறவருக்குத்தான் இரட்டைக் கதவு ஃப்ரிட்ஜ் வேண்டும். சாயங்காலம் வந்து முதுகைச் சுவரில் சாய்த்தேன் என்றால் ரிமோட்டுக்குக் கை நீட்டக்கூடத் தெம்பு இருக்காது. அதனால் எது ஓடுகிறதோ அதைப் பார்ப்பேன். எப்போதும் நீர்யானைதான் ஓடும், ஏனென்றால் ரிமோட் என் மகளிடம் இருக்கும்.

அவளை வீட்டில் மிளகு என்று கூப்பிடுவோம். உருவத்தைப் பார்த்து ஏமாந்து வாயைக் கொடுத்தால் தெரியும். அவள் வெறுமனே பார்க்கிறவள் இல்லை. எனக்குப் பாடம் எடுத்துக்கொண்டேதான் பார்ப்பாள்.

"அப்பா, கவனி. இப்ப அப்பா நீர்யானை எதையாவது ரிப்பேர் பண்றேன்னு கிளம்பும். அது கிளம்பலன்னா கதையே கிடையாது."

"சரி."

"அம்மா நீர்யானை வேணாம்னு சொல்லும். சொல்லிட்டு வெளிய போயிடும். அது வீட்டுல இருந்தா எதுவும் உடையாது பாரு, அதுக்காகத்தான்."

"அப்புறம் உடையும்."

"உடைஞ்சவுடனே பெல் அடிக்கும். யாரு வரக் கூடாதோ அவங்கதான் வந்து நிப்பாங்க. கடைசியில மெதுவா மியூசிக் வரும். குட்டி வந்து, 'நான்தான் தப்பு பண்ணேன்'னு சொல்லும். உடனே அப்பா எந்திரிச்சு, 'இல்ல, என் தப்பு'ன்னு சொல்லும். எல்லாரும் சிரிச்சிடுவாங்க. முடிஞ்சுது."

"உடைஞ்ச வீடு?"

"அடுத்த வாரம் நல்லா இருக்கும்."

"கொத்தனார் யாரு?"

"கொத்தனார்லாம் இல்லப்பா. அதுவா நல்லா இருக்கும்."

அந்த வீடு போன மாதம் தீப்பிடித்தது. அதற்கு முன்னால் வெள்ளம் வந்தது. ஒரு தடவை அப்பா நீர்யானை ஒட்டடை அடிக்கப் போய் கூரை மொத்தமும் தெருவில் போய் உட்கார்ந்தது. அடுத்த வாரம் பார்த்தால் அதே கூரை, அதே ஜன்னல், அதே பூந்தொட்டி. மிளகுக்கு நீர்யானையைவிட அந்த வீட்டைத்தான் பிடிக்கும் என்று எனக்கு ஒரு சந்தேகம். நாங்கள் வீடு மாறிக்கொண்டே இருக்கிற ஜாதி. வாடகை ஏறும், அல்லது வீட்டுக்காரரின் மகன் திரும்பி வருவான், அல்லது நான் கொஞ்சம் வாயை விட்டிருப்பேன். ஒவ்வொரு தடவையும் அவளுக்குப் பள்ளிக்கூடமும் மாறும். புது வகுப்பில் போய்க் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, பெயரைச் சொல்லு என்றால் சொல்லிவிட்டு, மறுபடி வாயைத் திறக்க அரை வருஷம் எடுப்பாள். இந்த வீட்டுக்கு வந்த பிறகுதான் அவளுக்கென்று ஒரு சிநேகிதி கிடைத்தாள். தினமும் எதிர்ச் சந்திலிருந்து வந்து எங்கள் ஜன்னல் கம்பியில் தட்டுவாள், இரண்டு பேரும் பை மோதப் போவார்கள்.

அப்படி இருக்கும்போதுதான் வீட்டுக்காரம்மா சொல்லி அனுப்பினார். வருகிற ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்து வீட்டைப் பார்ப்பாராம். வீடு நன்றாக இருந்தால் இன்னும் ஒரு வருஷம் இருக்கலாமாம், இல்லாவிட்டால் வேறு ஆட்கள் கேட்டுக்கொண்டிருக்கிறார்களாம். அவர் ரெண்டு தெரு தள்ளி இருக்கிறார். தண்ணீர் என்றால் அவருக்கு உயிர். மொட்டை மாடியில் சின்ன டேங்க். கீழே நாங்கள், மேலே வேறு குடித்தனம். டேங்க் காலியானால் மேல்வீட்டுக்காரர் நேராக அவர் வீட்டு வாசலுக்குப் போய் வாளியோடு நின்றுவிடுவார். அதனால் வீட்டுக்காரம்மா மாடிக் கதவுக்குப் பூட்டு போட்டு, சாவியைத் தன் இடுப்பிலேயே வைத்திருப்பார். எங்களைக் குடி வைக்கும்போதே சொல்லிவிட்டார், "மூணு பேரு. தண்ணி மூணு பேருக்குத்தான். நாலாவது தலையைப் பாத்தேன்னா நாலு தலையும் வெளிய."

அந்த நாலாவது தலைதான் என் மச்சினன்.

மனைவியின் தம்பி. வேலை தேடி வந்தான். வேலை கிடைத்தது, சாப்பாட்டுப் பொட்டலம் கொண்டுபோய்க் கொடுக்கிற வேலை. தங்க இடம் தேடவில்லை. ஏனென்றால் இடம் இருந்தது, எங்கள் கூடத்தில். அவனுக்கு சவுண்டு என்று பட்டப்பெயர். மிக்ஸி ஓடுகிற சத்தம், பஸ் பிரேக் சத்தம், எங்கள் சூப்பர்வைசர் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் எல்லாம் வாயாலேயே போடுவான். நீர்யானைப் படத்தில் அப்பா நீர்யானை விழுகிறபோதெல்லாம் பின்னால் நூறு பேர் சிரித்துக் கை தட்டுவார்களே, அந்த நூறு பேரையும் அவன் ஒருத்தனே செய்வான். ஒரு கிழவர் இருமிக்கொண்டு சிரிப்பது, ஒரு பெண் கீச்சென்று சிரிப்பது, கடைசியில் படபடவென்று கைதட்டல்.

இது படத்தோடு நின்றிருந்தால் பரவாயில்லை. அப்பா நீர்யானைக்கு ஒரு வசனம் உண்டு. எதை உடைப்பதற்கு முன்னாலும், "இது ஒரு நிமிஷ வேலை" என்று சொல்லும். என் கெட்ட நேரம், அது என் வாயிலும் பிறந்ததிலிருந்து இருக்கிற வசனம். லாரியில் ஒரு நாளைக்குப் பத்துத் தடவை சொல்வேன். வீட்டில் பல்பு மாற்றப் போனாலும் அதுதான் வரும். நான் சொன்னதும் சவுண்டு எங்கே இருந்தாலும், தூக்கத்தில் இருந்தாலும், நூறு பேரோடு சிரித்துக் கை தட்டுவான். மிளகு தரையில் உருளுவாள். என் மனைவி ஒரு புருவத்தை மட்டும் தூக்குவாள். அம்மா நீர்யானையும் அப்படித்தான் தூக்கும். யாரைப் பார்த்து யார் கற்றுக்கொண்டார்கள் என்று கேட்கும் தைரியம் எனக்கு இல்லை. துணி கம்பெனியில் பட்டன் சரியாக இருக்கிறதா என்று பார்த்துப் பார்த்துக் கூர்மையான கண் அவளுக்கு.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. சவுண்டின் பாய், தலையணை, பல் துலக்கும் பிரஷ் எல்லாம் கட்டிலுக்கு அடியில் போயிற்று. அவன் சட்டைகளை என் சட்டைகளோடு மாட்டினோம். என் தொப்பைக்கும் அவன் இடுப்புக்கும் உள்ள வித்தியாசத்தை வீட்டுக்காரம்மா கவனிக்காமல் இருக்கக் கடவுள்தான் துணை. அவன் குளித்துவிட்டு வெளியே போய் மத்தியானம் வரை எங்கேயாவது சுற்ற வேண்டும் என்று ஏற்பாடு.

என் மனைவி பை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். "அவங்களுக்கு பிஸ்கெட் வாங்கிட்டு வரேன். எதையும் தொடாதீங்க."

"நான் எதைத் தொடப் போறேன்?"

"எதையும் தொடாதீங்கன்னா எதையும் தொடாதீங்க. உக்காந்துகிட்டே இருங்க."

அவள் போன பிறகு வீடு அமைதியாக இருந்தது. அந்த அமைதியில்தான் கேட்டது. குளியலறையில் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. அது ரொம்ப நாளாகவே சொட்டுகிறது. ஆனால் அன்றைக்கு அது வீட்டுக்காரம்மாவின் காதில் எப்படிக் கேட்கும் என்று நினைத்துப் பார்த்தேன். டங் டங் என்று கோயில் மணி மாதிரி கேட்டது.

ஸ்பானரை எடுத்தேன். மிளகு வாசலில் வந்து நின்றாள்.

"அப்பா, வேணாம்."

"இதைப் போய் அப்படியே விட்டா அவங்க என்ன நினைப்பாங்க?"

"அப்பா, அம்மா வெளிய போயிருக்காங்க. கொஞ்சம் யோசி."

"அட, வாஷர்தான் போயிருக்கும். ஒரு நிமிஷ வே..."

உள்ளே துவட்டிக்கொண்டிருந்த சவுண்டு, துண்டை இடுப்பில் சுற்றிக்கொண்டு, நூறு பேரோடு சிரித்துக் கை தட்டினான். அந்தக் கடுப்பில் நான் ஸ்பானரை ஒரு சுற்று அதிகமாகத் திருப்பினேன். இவ்வளவு வருஷமாக பீரோ தூக்கின கை அது. குழாய் கையோடு வந்தது. குழாயோடு சுவரில் பதித்திருந்த மூன்று ஓடுகள் வந்தன. ஓடுகளோடு சுவரும் கொஞ்சம் வந்தது. பிறகு தண்ணீர் வந்தது.

சவுண்டு பாய்ந்து இரண்டு உள்ளங்கையாலும் ஓட்டையை அழுத்தினான். நின்றது. கையை எடுத்தான், பீய்ச்சியது. மறுபடி அழுத்தினான். துணி திணித்துப் பார்த்தோம், துணி எதிர்ச் சுவருக்குப் பறந்தது. மெயின் வால்வு மொட்டை மாடியில். மொட்டை மாடிச் சாவி இடுப்பில். இடுப்பு வந்துகொண்டிருக்கிறது.

"மாப்ள, அப்படியே பிடிச்சுக்க."

"எவ்வளவு நேரம் மச்சான்?"

"அவங்க வந்துட்டுப் போற வரைக்கும்."

"நான்தான் இங்க இருக்கக் கூடாதே!"

"கையை எடுத்தா நாங்களும் இருக்க முடியாது. பிடி."

மிளகு அழவில்லை, கத்தவில்லை. சுவரைப் பார்த்தாள், மாமாவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "இப்ப பெல் அடிக்கும்," என்றாள்.

அடித்தது.

கதவைத் திறந்தால் என் மனைவியும் வீட்டுக்காரம்மாவும் ஒன்றாக நிற்கிறார்கள். தெருமுனையில் சந்தித்துப் பேசிக்கொண்டே வந்திருக்கிறார்கள். என் மனைவி என் நனைந்த சட்டையைப் பார்த்தாள். புருவம் தூக்கவில்லை. இரண்டு கண்ணையும் ஒரு தடவை மூடித் திறந்தாள். அது நீர்யானைப் படத்தில் இல்லாத பார்வை.

"வாங்கம்மா, உக்காருங்க," என்றேன்.

"உக்காரவா வந்தேன்? வீட்டைப் பாக்க வந்தேன்," என்றார் வீட்டுக்காரம்மா. ஒல்லியான ஆள். குடையை மடக்கிக் கையில் பிடித்திருந்தார், வெயிலும் இல்லை மழையும் இல்லை. "சட்டை ஏன் நனைஞ்சிருக்கு?"

"வேர்வைங்க."

"உக்காந்த இடத்துலயா?"

மிளகு நடுவில் புகுந்தாள். "ஆன்ட்டி, முதல்ல சமையல்கட்டு பாருங்க. நான் காட்றேன்." கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். விருந்தாளியை முதலில் வேறு அறைகளுக்குக் கூட்டிப்போக வேண்டும், ஆபத்தான அறையைக் கடைசியில் வைக்க வேண்டும். இதுவும் நீர்யானைப் பாடம்தான். சமையல் மேடையைக் காட்டினாள். ஜன்னல் கம்பியைக் காட்டினாள், துரு இல்லை பாருங்கள் என்றாள். தன் பாடப் புத்தக அலமாரியைக் காட்டினாள். சுவரில் ஒட்டாமல் கதவில் ஒட்டியிருந்த தன் ஓவியத்தைக் காட்டி, "சுவர்ல ஒட்டினா பெயின்ட் போயிடும்ல, அதான்," என்றாள். வீட்டுக்காரம்மாவின் முகம் கொஞ்சம் இளகினது எனக்கே தெரிந்தது. என் மனைவி அந்த இடைவெளியில் குளியலறைக் கதவை விரலளவு திறந்து எட்டிப் பார்த்துவிட்டு மூடினாள். என்னிடம் வந்து, "மத்தியானம் பேசிக்கிறேன்," என்றாள். அவ்வளவு மெதுவாக அவள் பேசி நான் கேட்டதில்லை.

"வீட்டை நல்லாத்தான் வச்சிருக்கீங்க," என்றார் வீட்டுக்காரம்மா. மிளகின் தோள் இரண்டும் ஒரு அங்குலம் இறங்கின. "குளியலறை?"

"அது வேணாம் ஆன்ட்டி. ஈரமா இருக்கு."

"குளியலறை ஈரமாத்தான் இருக்கும். தண்ணி சத்தம் கேக்குதே? உள்ள யாரு?"

"யாருமில்லம்மா," என்றாள் என் மனைவி.

"குழாய் ஓடுதா?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். ஏதாவது சொல்ல வேண்டும். சாதாரணமாக, ஒன்றுமே இல்லாதது மாதிரி, சிரித்த முகமாகச் சொல்ல வேண்டும். மூளை வேலை செய்யாதபோது வாய் தனக்குப் பழகின பாதையில் போய்விடும். என் வாய்க்கு ஒரே பாதைதான்.

"லேசா சொட்டுதும்மா. இதெல்லாம் ஒரு நிமிஷ வேலை."

சொல்லி முடித்த கையோடு எனக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் சொன்னதைத் திரும்ப உள்ளே இழுக்க எந்த ஸ்பானரும் கிடையாது.

மூடின கதவுக்குப் பின்னால் முதலில் கிழவர் இருமிக்கொண்டு சிரித்தார். பிறகு அந்தப் பெண் கீச்சென்றாள். பிறகு மொத்த நூறு பேரும். நான் மனதுக்குள், "கைதட்டல் வேணாம்டா, கைதட்டல் வேணாம்டா" என்று கெஞ்சினேன். பழக்கம் விடுமா? தட்டினான். இரண்டு கையாலும் தட்டினான்.

தண்ணீர் கதவுக்கு அடியிலிருந்து ஓடி வந்து வீட்டுக்காரம்மாவின் செருப்பைத் தொட்டது.

அந்த அம்மாவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். கத்தவில்லை. கதவைத் தள்ளினார். துண்டோடு சவுண்டு மறுபடியும் ஓட்டையைத் தேடித் தடவிக்கொண்டிருந்தான், வாயிலும் மூக்கிலும் தண்ணீர். ஒரு பார்வைதான் பார்த்தார். குடையை என் கையில் திணித்துவிட்டு, இடுப்பிலிருந்து சாவியை உருவி, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மாடிப்படியில் ஓடினார். அந்த வயதில் அந்த ஓட்டம் ஓடி நான் யாரையும் பார்த்ததில்லை. தண்ணீர் நின்றது. திரும்பி வந்து கூடத்து நாற்காலியில் உட்கார்ந்து, செருப்பைக் கழற்றிக் கவிழ்த்து வைத்தார்.

"சொல்லுங்க," என்றார்.

"பைப் பழசும்மா," என்றேன். "தானாவே விட்டுடுச்சு."

"இவன் யாரு?"

"என் தம்பி," என்றாள் மனைவி. "இன்னைக்குக் காலையிலதான் ஊர்லேருந்து வந்தான்."

வீட்டுக்காரம்மா என் கையில் இருந்த ஸ்பானரைப் பார்த்தார். குடையைப் பிடித்த கையிலேயே ஸ்பானரையும் பிடித்திருந்தேன், அவ்வளவு நேரமும்.

அப்போது மிளகு கூடத்தின் நடுவில் வந்து நின்றாள். கால் இரண்டும் தண்ணீரில். கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். குரலை மெதுவாக்கினாள். அவளுக்கு மட்டும் எங்கிருந்தோ மியூசிக் கேட்டுக்கொண்டிருந்தது.

"ஆன்ட்டி, நான்தான் தப்பு பண்ணேன். குழாய்ல தொங்கி விளையாடினேன். உடைஞ்சிடுச்சு."

சொல்லிவிட்டு நிறுத்தினாள். திரும்பி என்னைப் பார்த்தாள்.

"நீயாம்மா உடைச்ச?" என்றார் வீட்டுக்காரம்மா. குரல் மாறியிருந்தது. "தொங்கினியா? கை கால்ல அடி கிடி படலையே?"

வேலை செய்கிறது. எனக்கு அந்தக் கணமே புரிந்தது. குழந்தை உடைத்தது என்றால் இந்த அம்மா விட்டுவிடுவார். குழந்தைகள் உடைக்கும், அப்பன் திட்டுவான், ஓடு மாற்றுவான், அவ்வளவுதான். நான் வாயை மூடிக்கொண்டு நின்றால் போதும். வாழ்க்கையில் முதல் தடவையாக வாயை மூடுவதால் எனக்கு ஒரு வருஷம் வீடு கிடைக்கும். இன்னும் கொஞ்சம் நடிக்கலாம் என்றுகூடத் தோன்றியது, "ஏன்டி தொங்கின?" என்று ஒரு அதட்டல் போட்டால் இன்னும் நன்றாக இருக்கும்.

ஆனால் மிளகு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் பாகத்தை அவள் சொல்லிவிட்டாள். என் வசனத்துக்கு இடம் விட்டு நிற்கிறாள். சட்டை போடாத, வேலைக்குப் போகாத, மூளை என்று ஒன்று இருக்கிறதா என்றே தெரியாத அந்த மிருகம், இந்த இடத்தில் மட்டும் ஒரு நொடிகூட யோசித்தது கிடையாது. நான் யோசித்துக்கொண்டிருக்கிறேன் என்பது அவளுக்குத் தெரிய ஆரம்பித்தது. முகம் மெல்ல மெல்லச் சின்னதாகிக்கொண்டே போனது.

"இல்லம்மா," என்றேன். "அவ பொய் சொல்றா. நான்தான் உடைச்சேன். இதோ, இந்த ஸ்பானராலதான். அவ வேணாம் வேணாம்னு சொன்னா. இவளும் சொல்லிட்டுப் போனா, எதையும் தொடாதீங்கன்னு."

மிளகு சிரித்தாள். வீட்டுக்காரம்மாவின் பக்கம் திரும்பிக் காத்திருந்தாள்.

வீட்டுக்காரம்மா சிரிக்கவில்லை.

"ஆன்ட்டி," என்றாள் மிளகு, "இப்ப நீங்க சிரிக்கணும்."

"எதுக்கு?"

"கடைசியில எல்லாரும் சிரிப்பாங்க."

"செருப்பு நனைஞ்சு கிடக்கு, சிரிக்கணுமாம்." அவர் எங்கள் எல்லாரையும் சுற்றிப் பார்த்தார். "நீ பொய் சொன்ன, உன் பொண்டாட்டி பொய் சொன்னா, இத்துனூண்டு இருந்துகிட்டு இதுவும் பொய் சொல்லுது. இந்த வீட்ல பொய் சொல்லாத ஆளு யாராச்சும் இருக்கீங்களா?"

"நான் இன்னும் எதுவும் சொல்லலீங்க," என்றான் சவுண்டு, துண்டைப் பிடித்துக்கொண்டு.

"அப்ப நீ சொல்லு. எப்பத்திலிருந்து இங்க குளிக்கிற?"

சவுண்டு அக்காவைப் பார்த்தான். அக்கா கூரையைப் பார்த்தாள்.

"கோடைக்கு முன்னாடியிலிருந்துங்க."

"தினமுமா?"

"ஞாயித்துக்கிழமை ரெண்டு தரங்க."

"அதான்!" வீட்டுக்காரம்மா நாற்காலிக் கையைத் தட்டினார். "மேல் வீட்டுக்காரன் வாளியைத் தூக்கிட்டு வந்து நின்னானே, டேங்க் ஓட்டையா இருக்கும்னு ஆளக் கூப்பிட்டு ரெண்டு தடவை பூசினேனே! ஓட்டை இங்க துண்டு கட்டிகிட்டு நிக்குது!"

எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன்.

மிளகுக்கு வரவில்லை. படம் தன் பாதையை விட்டு எங்கேயோ போய்விட்டது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. பின்னால் கட்டியிருந்த கையை அவிழ்த்தாள். படத்துக் குரல் போய் அவள் சொந்தக் குரல் வந்தது.

"அப்ப நான் ஸ்கூல் மாறணுமா?"

வீட்டுக்காரம்மா செருப்பை நிமிர்த்திப் பார்த்துவிட்டு மறுபடி கவிழ்த்தார்.

"ஸ்கூல் மாற வேணாம்," என்றார். "ஆளு மாறணும்." குடையை என்னிடமிருந்து பிடுங்கி அதன் நுனியால் சவுண்டைக் காட்டினார். "இவன் இந்த வாரத்துக்குள்ள வேற இடம் பாத்துக்கணும். சுவத்த நீ கட்டிக் கொடுக்கணும். நீ கட்டக் கூடாது, கொத்தனாரை வச்சுக் கட்டணும். நீ ஸ்பானரைத் தொட்டன்னு கேள்விப்பட்டேன்னா அன்னிக்கே காலி."

"சரிம்மா," என்றேன்.

"என்ன சரி?" மிளகு என்னைப் பார்த்துத் திரும்பினாள். "மாமா போகணுமா? யாரும் போக மாட்டாங்களே! வீடு எரிஞ்சப்பகூட யாரும் போகல!"

யாருடைய வீடு எரிந்தது என்று வீட்டுக்காரம்மா பதறிப்போய் என்னைப் பார்த்தார். டிவியில் என்று விளக்கினேன்.

"அந்த வீட்டுக்கு வீட்டுக்காரம்மா கிடையாது மிளகு," என்றான் சவுண்டு.

அவள் அவனைப் பார்க்கவில்லை. நேராக நாற்காலிக்கு முன்னால் போய் நின்றாள். "ஆன்ட்டி, மாமா குளிக்காம இருந்தா?"

"என்னது?"

"தண்ணிதானே பிரச்சினை? குளிக்க மாட்டாரு. இங்க குளிக்கவே மாட்டாரு."

வீட்டுக்காரம்மா யோசித்தார். நியாயமான ஆள்தான். கணக்குக்குக் கணக்காகத்தான் யோசித்தார். "வரலாம், உக்காரலாம், சாப்பிடலாம். படுக்கக் கூடாது. துவைக்கக் கூடாது. குளிச்சிட்டுத்தான் வாசப்படி ஏறணும்."

"மூஞ்சி கழுவலாமா?" என்று கேட்டான் சவுண்டு.

"அதை அங்கேயே கழுவிட்டு வா."

அந்த வாரமே அவன் போனான். கூட வேலை செய்கிறவர்கள் நாலு பேர் தங்கியிருக்கிற அறை, டயர் கடைக்கு மேலே. அவனுடைய பாயைக் கட்டிலுக்கு அடியிலிருந்து எடுத்தபோது மிளகு உதவவில்லை. சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துகொண்டாள். கொத்தனார் வந்தார். பழைய ஓடு பச்சை, அது இப்போது எங்கேயும் கிடைப்பதில்லையாம், வெள்ளை வைத்துவிட்டுப் போனார். தினமும் குளிக்கும்போது அந்த மூன்று வெள்ளை ஓடும் என்னைப் பார்க்கின்றன. ஜன்னல் கம்பியில் சிநேகிதி தட்டினாள், மிளகு பையை மாட்டிக்கொண்டு போனாள், வந்தாள். என்னிடம் தேவைக்குப் பேசினாள். நீர்யானை ஓடிக்கொண்டிருந்தது, அப்பா நீர்யானை விழுந்துகொண்டிருந்தது, எங்கள் வீட்டில் யாரும் கை தட்டவில்லை. வீடு கிடைத்துவிட்டது. நான் நினைத்ததைவிட அது பெரிய வீடாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்காரம்மா டேங்க் பார்க்க வந்தார். அவர் படியேறுகிற நேரம் பார்த்து சவுண்டு தெருவிலிருந்து நுழைந்தான். நான் வாசலில் நின்றிருந்தேன்.

"நில்லு," என்றார். "குளிச்சாச்சா?"

அவன் தலையைக் குனிந்து காட்டினான். அவர் இரண்டு படி இறங்கி வந்து, இரண்டு விரலால் அவன் முடியைத் தொட்டுப் பார்த்தார். விரலை மோந்து பார்த்தார். "என்ன சோப்பு இது, கண்றாவி," என்றார். "போ."

உள்ளே படம் ஆரம்பித்துப் பாதி ஓடியிருந்தது. மிளகு டிவிக்கு முதுகைக் காட்டிக் கதவைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். அவனைக் கண்டதும் டக்கென்று டிவி பக்கம் திரும்பிக்கொண்டாள், ரொம்ப நேரமாக அதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிற மாதிரி.

அவன் பக்கத்தில் போய் நின்றான். "இடம் விடுடி."

"உன் ரூம்ல டிவி இருக்கா?"

"இல்ல."

"நல்லது," என்று சொல்லிவிட்டு நகர்ந்து உட்கார்ந்தாள்.